உடம்பெல்லாம் வலி: கடலூர்க்காரர் முதலில் எந்த டாக்டரிடம் போவது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். மாதக்கணக்கில் உடம்பெல்லாம் வலிக்கிறது, எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வைத்ததே மறந்துபோகிறது என்றால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது எலும்பு டாக்டரை அல்ல, நரம்பு டாக்டரையும் அல்ல. வீட்டுக்குப் பக்கத்தில், எம்.டி. படித்த ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். அவர் தேவையான சில ரத்தப் பரிசோதனைகளைச் செய்து பார்க்கட்டும், சந்தேகம் இருந்தால் மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி பக்கம் ஒருமுறை அனுப்பி உறுதி செய்துகொள்ளட்டும், அதற்குப் பிறகு தொடர் சிகிச்சை மறுபடியும் உள்ளூரிலேயே நடக்கட்டும். இதே தொல்லைகளுக்கு எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பெல்லாம் பரவி நிற்கும் நாள்பட்ட வலி நோய், என்று சொல்லிச் சில வருடங்கள் ஆகின்றன. கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் அலைந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன், நான் டாக்டர் இல்லை, இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இந்த நோயில் மூட்டு வீங்காது, எலும்பு தேயாது, தசை கிழியாது. வலியை உணர்கிற மூளையும் தண்டுவடமும் அளவுக்கு மீறி உஷாராகிவிடுகின்றன, அவ்வளவுதான். தெருவில் இலை விழுந்தாலே குரைக்கிற நாய் மாதிரி, யாராவது தோளில் கை வைத்தாலும், ராத்திரி தூக்கம் கெட்டாலும் உடம்பு வலி என்று கத்திவிடும். அதனால்தான் எக்ஸ்ரேயிலும் ரத்தத்திலும் எதுவும் தெரிவதில்லை. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையேம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று திருப்பி அனுப்புவதும் அதனால்தான். ரிப்போர்ட்டில் இல்லாவிட்டாலும் வலி நிஜம். நூற்றுக்கு இரண்டிலிருந்து நான்கு பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெண்கள்தான் அதிகம் என்கிறார்கள், ஆண்கள் வெளியே சொல்வதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்த டாக்டர் என்று முடிவெடுக்கும் முன், இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 1990-ல் அமெரிக்க ருமட்டாலஜி நிபுணர்களின் அமைப்பு வகுத்த விதிப்படி உடம்பில் 18 இடங்களை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள், உடம்பில் பரவலான வலியோடு 11 இடங்களிலாவது வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. 2010-ல் அதை மாற்றிவிட்டார்கள், 2016-ல் இன்னும் கொஞ்சம் திருத்தினார்கள். இப்போது விரலால் அழுத்திப் பார்ப்பது கட்டாயமில்லை, கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். போன ஒரு வாரத்தில் உடம்பின் 19 பகுதிகளில் எங்கெங்கே வலித்தது என்று ஒரு எண்ணிக்கை. அசதி, தூங்கி எழுந்தும் தெளிவில்லாமல் இருப்பது, ஞாபகம் தடுமாறுவது, இவற்றோடு தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு ஆகியவற்றைச் சேர்த்து 12-க்கு ஒரு மதிப்பெண். வலிக்கும் பகுதிகள் 7 அல்லது அதற்கு மேல், அந்த மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த நோய். இல்லையென்றால் வலி 4 முதல் 6 பகுதிகளில், மதிப்பெண் 9 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வலி உடம்பின் ஒரே மூலையில் இல்லாமல் பரவலாக இருக்க வேண்டும், எல்லாம் மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இதில் இன்னொரு விஷயமும் உண்டு: வேறு ஒரு நோய் இருப்பதாலேயே இது இல்லை என்று ஆகிவிடாது. தைராய்டு, முடக்குவாதம் எது இருந்தாலும் கூடவே இதுவும் இருக்கலாம்.

ஆக, இதைக் கண்டுபிடிக்கும் கருவி கேள்வி கேட்கிற வாயும் கேட்டுக்கொள்கிற காதும்தான். டாக்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு என் அளவுகோலும் அதுவே.

இந்த அளவுகோலில் முதலில் அடிபடுவது எலும்பு டாக்டர். கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, விழுந்து கை உடைந்தால் நானும் அங்கேதான் ஓடுவேன். ஆனால் நம்ம ஊரில் வலி என்றாலே எலும்பு டாக்டர் என்று ஆகிவிட்டது. கழுத்து வலிக்கு ஒரு தடவை, இடுப்புக்கு ஒரு தடவை, முட்டிக்கு ஒரு தடவை என்று துண்டு துண்டாகப் போனால் அவரும் துண்டு துண்டாகத்தான் பார்ப்பார். கழுத்துக்குப் பட்டி, இடுப்புக்கு பெல்ட், ஒரு வலி ஊசி, பத்து நாள் மாத்திரை. அப்புறம் எம்.ஆர்.ஐ. அதில் "டிஸ்க் பல்ஜ்" (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு கொஞ்சம் பிதுங்கியிருப்பது) என்று ஒரு வரி வந்துவிட்டால் போச்சு, அடுத்த பத்து வருடம் எல்லா வலிக்கும் அந்த டிஸ்க்தான் குற்றவாளி. வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிக்கு மேல் அந்த வரி வரும், அதை யாரும் சொல்வதில்லை. ஒரு கால் மட்டும் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் தெரியாமல் போவது என்று இருந்தால் ஸ்கேன் அவசரமாகவே வேண்டும். உடம்பு முழுக்க ஒரே மாதிரி வலிக்கு ஸ்கேன் எடுப்பதென்றால் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பயத்தை வாங்கிக்கொண்டு வருவதுதான்.

நரம்பு டாக்டர் கதையும் ஏறக்குறைய இதேதான். சர்க்கரை நோயாளிக்குப் பாதம் எரிந்தால் அவர் வேண்டும். மற்றபடி "நரம்பு வீக்" என்று பி-12 ஊசி ஒரு கோர்ஸ் போட்டுக்கொண்டு வருவோம். பி-12 குறைவு இருந்தால் அது அவசியமான ஊசி, முழு சைவக்காரர்களுக்குக் குறைய வாய்ப்பும் அதிகம். குறைவே இல்லாதவருக்கு அந்த ஊசி ஃபைப்ரோ வலியைக் குறைக்காது.

பொது மருத்துவரை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம், இந்த நோய் மாதிரியே நடிக்கிற மற்ற நோய்கள் எல்லாம் அவருடைய எல்லைக்குள் வருவதுதான். தைராய்டு குறைவு, வைட்டமின் டி மிகக் குறைந்து எலும்பு மென்மையாவது, ரத்தசோகை, கொழுப்புக்குச் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரையால் வரும் தசை வலி, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்க நோய், மனச்சோர்வு. நம்ம பக்கத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: சிக்குன்குனியா. 2006-ல் இந்தியா முழுக்க அது அடித்த அடியை மறந்திருக்க மாட்டீர்கள், அதற்குப் பிறகும் மழைக்காலங்களில் விட்டுவிட்டு வருகிறது. காய்ச்சல் விட்டு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மூட்டுவலி நிற்கும். ஆனால் அதில் விரல், மணிக்கட்டு, கணுக்கால் என்று மூட்டுகளில் பிடிப்பும் வீக்கமும் இருக்கும், ஃபைப்ரோவில் வலி தசை முழுக்கப் பரவி நிற்கும், வீக்கம் இருப்பது போல நமக்குத் தோன்றும், டாக்டர் தொட்டுப் பார்த்தால் இருக்காது. காய்ச்சலுக்குப் பிறகு ஆரம்பித்த வலி என்றால் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள்.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசு தலைமை மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவும் இதற்குப் போதும், தனியார் கிளினிக்கும் போதும். வித்தியாசம் நேரம்தான். அரசு ஓ.பி.யில் கூட்டம் நெருக்கும், ஒரு டாக்டர் உங்களுக்கு ஒதுக்கக்கூடியது சில நிமிஷங்கள், அடுத்த முறை போனால் வேறு டாக்டர் இருக்கலாம். தனியாரில் காசு போகும், ஆனால் அதே முகம். இந்த நோய்க்கு அதே முகம் என்பது பெரிய லாபம். வசதி இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், போகும்போது வலி படம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்: ஒரு தாளில் மனித உருவம் வரைந்து வலிக்கிற இடத்தையெல்லாம் பேனாவால் நிரப்பி, பக்கத்தில் தூக்கம், அசதி, மறதி பற்றி மூன்று வரி, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர். சில நிமிஷத்தில் வாயால் சொல்ல முடியாததை அந்தத் தாள் சொல்லிவிடும். நெய்வேலி என்.எல்.சி. குடும்பங்களுக்கும் இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்களுக்கும் தனி வழி இருக்கிறது, அங்கிருந்தே மேல் மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி கிட்டே, அது இப்போது அரசுக் கல்லூரி ஆகிவிட்டது.

இனி புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர். கடலூரில் யாருக்கு எது வந்தாலும் "ஜிப்மருக்குப் போயிடு" என்பதுதான் பதில், என் மாமியாரும் அதைத்தான் சொன்னார். அங்கே கிளினிக்கல் இம்யூனாலஜி என்று தனித் துறை இருக்கிறது. முடக்குவாதம், லூபஸ் மாதிரி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய்களுக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது, செலவும் மிகக் குறைவு. ஆனால் தூரத்தையும் கூட்டத்தையும் கணக்கில் வையுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள்தான், கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஜிப்மர் இருக்கும் கோரிமேடு ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது, காலையிலேயே பதிவு செய்ய வேண்டும் என்பதால் விடியும் முன் கிளம்ப வேண்டும், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஜனம் வரும் இடம், பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். சாதாரண ஆளுக்கு ஒரு நாள் போச்சு, அவ்வளவுதான். ஃபைப்ரோ உடம்புக்கு அன்றைக்கு ஒரு நாள், அதன் பிறகு படுக்கையில் இரண்டு நாள். மாதாமாதம் இதைச் செய்தால் சிகிச்சையே வலியைக் கூட்டிவிடும். அதனால்தான் சொல்கிறேன், ஜிப்மர் நோயை உறுதி செய்யும் இடமாக இருக்கட்டும், மாத்திரை வாங்கும் இடமாக வேண்டாம். உள்ளூர் டாக்டரின் பரிந்துரைச் சீட்டும் பரிசோதனை முடிவுகளும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் ஆகும். வந்த பிறகு அங்கே எழுதித் தந்ததை உள்ளூர் டாக்டரிடம் காட்டித் தொடருங்கள்.

தனியார் ருமட்டாலஜிஸ்ட் என்றால் புதுச்சேரியில் கிடைப்பார்கள். சென்னைக்கும் வேலூர் சி.எம்.சி.க்கும் போகிறவர்களும் உண்டு. உறுதி செய்வதற்கு ஒரு தடவை காசு கொடுத்துப் பார்ப்பது நியாயமான செலவு. வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கி எல்லா டெஸ்டும் எடுப்பது இந்த நோய்க்குத் தேவையே இல்லை. பெரும்பாலான காப்பீடுகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும் என்பதால் ஓ.பி. செலவு முழுக்க நம் கையிலிருந்துதான் போகும். அந்தப் பணத்தை நான் பிசியோதெரபிக்கு வைத்திருப்பேன்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக மேல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய சமயங்களும் உண்டு. விரல் மூட்டுகள் கண்ணுக்குத் தெரிய வீங்குகின்றன, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்கவில்லை, வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, வாயில் அடிக்கடி புண், காரணமில்லாத காய்ச்சல், எடை குறைவது, உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாத தசை பலவீனம். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று இரண்டு தோளும் தூக்க முடியாமல் புதுத் தலைவலியும் சேர்ந்தால் தாமதமே கூடாது. இளம் வயதில், விடியற்காலையில் இடுப்பு வலித்து நடக்க நடக்கக் குறைந்தால் அதுவும் வேறு நோய், அதற்கு வேறு மருந்து.

பரிசோதனைக்கு வருவோம். லேப் வாசலில் "முழு உடல் பரிசோதனை", "ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்" என்று போர்டு வைத்திருப்பார்கள். வேண்டாம். ரத்த எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சர்க்கரை, வைட்டமின் டி, கால்சியம், தசை பலவீனம் சந்தேகம் இருந்தால் தசைக்கான சி.கே. இவ்வளவு போதும் பெரும்பாலானவர்களுக்கு. லூபஸுக்குப் பார்க்கும் ஏ.என்.ஏ., முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் இரண்டையும் அறிகுறி இல்லாமல் எடுத்தால் வம்பு. ஏ.என்.ஏ. 1:40 என்ற குறைந்த அளவில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களில்கூட நூற்றுக்குச் சுமார் முப்பது பேருக்கு பாசிட்டிவ் வரும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் போனில் தேடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, பெயர் வைத்தாயிற்று. இப்போது மாத்திரையா, உடற்பயிற்சியா? ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பான யூலார் 2016-ல் திருத்திய பரிந்துரைகளில் வலுவான ஆதரவு கொடுத்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், உடற்பயிற்சிக்கு. மாத்திரைகளுக்கெல்லாம் அடுத்த இடம். அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று முதலில் அனுமதி பெற்றவை மூன்று: பிரிகாபலின் 2007-ல், டுலாக்ஸிடின் 2008-ல், மில்னாசிபிரான் 2009-ல். அவற்றுக்கும் முந்தைய, விலை மலிவான அமிட்ரிப்டிலின் இன்றைக்கும் பலருக்கு வேலை செய்கிறது. தூக்கம்தான் பெரிய பிரச்சினை என்றால் அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் ராத்திரி, வாய் உலரும், மலம் கட்டும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், இதயத் துடிப்புக் கோளாறோ கண் அழுத்தமோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் டுலாக்ஸிடின் பக்கம் டாக்டர் சாய்வார், முதல் வாரங்களில் குமட்டும், திடீரென்று நிறுத்தக்கூடாது. பிரிகாபலினுக்குத் தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுவது. ஸ்கூட்டி ஓட்டுகிறவர்கள் முதல் சில நாள் ஓட்டாமல் இருப்பது நல்லது. எந்த மாத்திரையும் எல்லோருக்கும் கேட்காது, கேட்கிறவர்களுக்கும் வலியைக் கொஞ்சம் குறைக்கும், அழிக்காது.

மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக் வகையறா வலி மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரிதாகப் பயன்படாது, சிறுநீரகமும் வயிறும்தான் கெடும். ஸ்டீராய்டும் அப்படித்தான். சொல்லப்போனால் ஸ்டீராய்டு சாப்பிட்டு வலி மாயமாகப் போனால் அது ஃபைப்ரோதானா என்றே டாக்டர் யோசிக்க வேண்டும். டிரமடால் என்ற வீரியமான வலி மாத்திரை 2018-லிருந்து போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது, அதை டுலாக்ஸிடினோடு சேர்த்துச் சாப்பிடுவது ஆபத்து, ஒரு டாக்டர் எழுதியதை இன்னொருவரிடம் மறைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

சித்த மருத்துவம் பற்றிக் கேட்பீர்கள். எண்ணெய் தேய்த்து வெந்நீர் குளியல், ஒத்தடம், மூச்சுப் பயிற்சி, மெதுவான யோகா, இவையெல்லாம் எனக்கு உதவுகின்றன, அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. லேபிளே இல்லாத பொட்டலத்தில் "மூணே நாள்ல வலி போயிடும்" என்று தரும் சூரணத்தைத் தொடாதீர்கள். அவ்வளவு வேகமாக வலி போனால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றுதான் சந்தேகப்பட வேண்டும். எந்த மருந்து சாப்பிட்டாலும் இரண்டு பக்கத்து மருத்துவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

உடற்பயிற்சியில் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். வலி குறைந்த நாளில் வீடு முழுக்கக் கழுவி, துணி துவைத்து, நாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பது. அப்புறம் "நடந்தாதான் வலி அதிகமாகுது" என்று விட்டுவிடுவது. ஆரம்பம் ஐந்து, பத்து நிமிஷம் போதும், நல்ல நாளிலும் அதைத் தாண்டாமல், கெட்ட நாளிலும் முழுதாக விடாமல். வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும் என்பதால் முதல் மாதத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள். நடையோடு லேசான தசைப் பயிற்சியும் வேண்டும், அதை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். தினமும் போய் கரண்ட் வைத்துக்கொண்டு வருவதற்குப் பதில் செய்யும் முறையைக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கே நடப்பது என்பதும் ஒரு தேர்வுதான். கடலூரில் உடனே நினைவுக்கு வருவது தேவனாம்பட்டினம் சில்வர் பீச், ஆனால் மணலில் கால் புதைந்து நடப்பது கெண்டைக்காலுக்கும் இடுப்புக்கும் இரட்டை வேலை, ஆரம்பத்தில் வேண்டாம், கெட்டியான தரையில் நடந்துவிட்டு மணலில் உட்கார்ந்து காற்று வாங்குங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை பெரிய கொடுப்பினை, சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டி விட மாட்டார்கள், தரை சமம், உட்கார இடம் இருக்கிறது, பாதியில் முடியவில்லை என்றால் வெட்கமில்லாமல் உட்காரலாம். அக்னி நட்சத்திர நாட்களில் விடிந்த உடனே போய்விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது கூடத்திலேயே, சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தாலும் அன்றைய கணக்கு சரியாகிவிடும்.